கனெக்டிகட் கொடுத்த வாக்கு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் லீச் லேக் என்றொரு பூர்வகுடி ஒதுக்கு நிலம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு 1970களின் தொடக்கத்தில் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்திலிருந்து வரி நோட்டீஸ் வந்தது. வண்டியில் இழுத்து வந்து நிறுத்திய அவர்களுடைய நடமாடும் வீட்டுக்கு 147 டாலர் 95 சென்ட் வரி. எங்கள் நிலத்தில் வரி போட நீங்கள் யார் என்று அந்தக் குடும்பம் வழக்குத் தொடுத்தது. 1976இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நாடாளுமன்றம் வெளிப்படையாக அதிகாரம் கொடுக்காதவரை, ஒதுக்கு நிலத்தில் வாழும் பூர்வகுடிகள்மேல் மாநிலம் வரி விதிக்க முடியாது. தன் ஒழுங்குமுறைச் சட்டங்களை அங்கே செலுத்தவும் முடியாது என்றது தீர்ப்பு.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இன்றைய பூர்வகுடிக் கேசினோக்கள் அனைத்துக்கும் வேர் இருக்கிறது. 1979இல் ஃபுளோரிடாவின் செமினோல் மக்கள், மாநிலம் விதித்த பரிசுத்தொகை உச்சவரம்பைப் பொருட்படுத்தாமல், எண் அட்டை வைத்து ஆடும் பிங்கோவுக்குப் பெரிய கூடம் ஒன்றைத் திறந்தார்கள். 1987இல் கலிஃபோர்னியாவின் கபசோன் வழக்கில், ஒரு மாநிலம் ஓர் ஆட்டத்தை அடியோடு தடை செய்யாமல் ஏதோ ஒரு வடிவில் அனுமதித்திருந்தால், பூர்வகுடிகள் தம் நிலத்தில் அதை நடத்துவதைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலங்கள் பதறின. மறு ஆண்டே பூர்வகுடிச் சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பெரிய கேசினோ நடத்த வேண்டுமானால் பூர்வகுடி அரசு மாநிலத்தோடு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் மையம். 2023 நிதியாண்டில் பூர்வகுடிக் கேசினோக்களின் மொத்த ஆட்ட வருமானம் 4,190 கோடி டாலர்.

இவ்வளவு பணம் புரளும் தொழிலைப் பூர்வகுடிகளோடு ஏன் நிறுத்த வேண்டும், லாஸ் வேகஸ் சூதாட்ட நிறுவனங்களுக்கும் உரிமம் கொடுத்து வரி வாங்கினால் என்ன என்ற கேள்வி ஒவ்வொரு மாநிலத்திலும் எழுகிறது. பட்ஜெட்டில் துண்டு விழும் ஆண்டுகளில் உரக்க எழுகிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 1988 சட்டத்தில் உள்ள இரண்டு விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதல் விதி, நிகர வருமானத்தைப் பூர்வகுடி அரசு எதற்குச் செலவிடலாம் என்பது. அரசு நடத்த, மக்கள் நலனுக்கு, பொருளாதார வளர்ச்சிக்கு, அறப்பணிக்கு, அக்கம்பக்கத்து உள்ளாட்சிகளுக்கு உதவ. இந்த ஐந்துக்கு மட்டுமே. மக்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதற்குக்கூடத் தனி ஒப்புதல் வேண்டும். ஆகவே சட்டத்தின் கண்ணில் இது வரிப்பணத்துக்கு ஈடானது. சொத்து வரி போட வழியில்லாத ஓர் அரசு தன் பள்ளியையும் மருத்துவமனையையும் நடத்த வைத்திருக்கும் வருமானம்.

இரண்டாம் விதி, மாநிலம் அந்த வருமானத்தில் வரி கேட்கக் கூடாது என்பது. பிறகு எப்படி மாநிலங்களுக்குப் பங்கு போகிறது? பதிலுக்கு மதிப்புள்ள ஒன்றை மாநிலம் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒன்று பெரும்பாலும் தனியுரிமைதான்: ‘உங்களைத் தவிர வேறு யாருக்கும் இங்கே அனுமதி கொடுக்க மாட்டோம்.’ அந்த வாக்கை மீறினால் மாநிலத்துக்குப் பணம் கேட்க முகாந்திரமே இல்லாமல் போகிறது.

இந்த ஏற்பாட்டை மிகத் தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது கனெக்டிகட் மாநிலத்தில்தான். கதை 1637இல் தொடங்குகிறது. மிஸ்டிக் என்ற இடத்தில் இருந்த பீக்வாட் பூர்வகுடி மக்களின் கோட்டையை ஆங்கிலேயக் குடியேறிகள் தீவைத்து எரித்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் ஓர் அதிகாலையில் மாண்டார்கள். மறு ஆண்டு ஹார்ட்ஃபோர்டில் போடப்பட்ட ஒப்பந்தம், எஞ்சியவர்கள் பீக்வாட் என்ற பெயரையே சொல்லக் கூடாது என்றது. பிறகு 1666இல் ஒதுக்கிய நிலமும் காலப்போக்கில் கரைந்து, இருபதாம் நூற்றாண்டில் இருநூறு ஏக்கருக்குச் சற்று அதிகமான காடாகச் சுருங்கியது. அதை விட்டு நகராமல் குடியிருந்தவர்களில் ஒருவர் எலிசபெத் ஜார்ஜ் என்ற மூதாட்டி. அவர் 1973இல் இறந்தார். அப்படி ஓரிருவர் அங்கே கிடந்து காத்திராவிட்டால் உரிமை கோர நிலமே இருந்திருக்காது. அடுத்த தலைமுறை திரும்பி வந்து, வழக்காடி, 1983இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகக் கூட்டாட்சி அரசின் அங்கீகாரம் பெற்றது. மூன்று ஆண்டுகளில் பிங்கோ கூடம் வந்தது. 1992 பிப்ரவரியில் ஃபாக்ஸ்வுட்ஸ் கேசினோ திறந்தது.

கட்டுவதற்கு அமெரிக்க வங்கிகள் கடன் தர மறுத்தன. பணம் வந்த இடம் மலேசியத் தமிழர்கள் நன்றாக அறிந்த இடம். கெந்திங் மலைமேல் கேசினோ கட்டிய லிம் கோ தோங்கின் குடும்பம்தான் கடன் கொடுத்தது. இதே கெந்திங் குழுமம் பிற்காலத்தில் நியூயார்க்கில் வணிகக் கேசினோ நடத்தும் நிறுவனமாகவும் வந்து நிற்கிறது. பூர்வகுடிக் கேசினோ ஒருபுறம், கார்ப்பரேட் கேசினோ மறுபுறம் என்று நாம் கோடு கிழிக்கிறோம். முதலீட்டாளருக்கு அந்தக் கோடு கிடையாது.

திறந்த ஆண்டில் ஃபாக்ஸ்வுட்ஸில் சீட்டும் பகடையும் மட்டுமே. கனெக்டிகட்டில் தொண்டு அமைப்புகள் நிதி திரட்ட ‘லாஸ் வேகஸ் இரவுகள்’ நடத்த அனுமதி இருந்ததால் அந்த ஆட்டங்களைப் பூர்வகுடிகளும் நடத்த முடிந்தது. காசு போட்டுப் பொத்தானை அழுத்தி ஆடும் ஸ்லாட் இயந்திரத்துக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. அதே சமயம் ஸ்டீவ் வின் என்ற லாஸ் வேகஸ் முதலாளி ஹார்ட்ஃபோர்டிலும் பிரிட்ஜ்போர்ட்டிலும் கேசினோ கட்ட அனுமதி கேட்டு மாநிலத்தைச் சுற்றி வந்தார். ஆளுநர் லோவெல் வைக்கருக்குச் சூதாட்டம் மாநிலமெங்கும் பரவுவதில் விருப்பமில்லை. 1993 ஜனவரியில் பீக்வாட் மக்களோடு ஒரு பேரம் முடித்தார். ஸ்லாட் இயந்திரங்களை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10 கோடி டாலர் அல்லது ஸ்லாட் வருமானத்தில் 25 சதவீதம் மாநிலத்துக்குத் தர வேண்டும். வேறு யாருக்காவது நாங்கள் அனுமதி கொடுத்தால் பணம் நின்றுவிடும். அடுத்து அங்கீகாரம் பெற்ற மொஹீகன் மக்களும் அதே ஏற்பாட்டில் சேர்ந்தார்கள். 1996இல் அவர்களுடைய மொஹீகன் சன் திறந்தது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கனெக்டிகட்டின் ஸ்லாட் இயந்திரம், போடப்படும் நூறு டாலரில் ஏறத்தாழ எட்டு டாலரைப் பிடித்துக்கொள்ளும். ஓய்வுபெற்ற ஒருவர் அதன் முன் அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு ஒரு டாலர், நிமிடத்துக்குப் பத்து முறை பொத்தானை அழுத்துகிறார். வென்றதையும் திரும்பப் போடுகிறார்; எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் அறுநூறு டாலர் சுழன்றிருக்கும். சராசரியாக 48 டாலர் அவரிடமிருந்து போயிருக்கும். ஃபாக்ஸ்வுட்ஸில் அந்த 48இல் 12 மாநிலத்துக்கு. சரி, எல்லை தாண்டி மாசசூசெட்ஸில் லாஸ் வேகஸின் எம்ஜிஎம் நிறுவனத்தின் கேசினோவில் உட்கார்ந்து அதே 48 டாலரை இழந்தால்? அங்கே வரி விகிதம் 25 சதவீதம். மாநிலத்துக்கு அதே 12 டாலர்.

வேறுபாடு மீதி 36 டாலரில் இருக்கிறது. சம்பளம், மின்சாரம், கடன் வட்டி இரண்டு இடத்திலும் உண்டு. அதற்குப் பிறகு மிஞ்சுவது ஓரிடத்தில் ஒரு பூர்வகுடி அரசின் கருவூலத்துக்குப் போகிறது, மற்றோரிடத்தில் பங்குதாரர்களுக்குப் போகிறது. வணிகக் கேசினோ மேசை ஆட்டங்களுக்கும் வரி கட்டும், உள்ளூருக்கும் தனியாகக் கொடுக்கும், நிறுவன வரியும் உண்டு என்பவற்றைச் சேர்த்தே சொல்கிறேன். அவற்றைக் கூட்டினாலும், இந்தத் தொழிலை யார் கையில் கொடுப்பது என்று கேட்டால், நிலத்தையும் பெயரையும் பறிகொடுத்த மக்களின் கையில் இருக்கட்டும் என்றுதான் என் மனம் சொல்கிறது. மாநிலத்தின் பங்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்போது இந்தத் தேர்வுக்கு மாநிலம் கொடுக்கும் விலையும் அதிகமில்லை.

அப்படியானால் வணிகக் கேசினோ கேட்பவர்களின் வாதம் என்ன? அவர்களுடைய வலுவான வாதம் நெடுஞ்சாலையைப் பற்றியது. கனெக்டிகட்டுக்கு ஸ்லாட் பங்காக வந்த பணம் 2007 நிதியாண்டில் ஏறத்தாழ 43 கோடி டாலராக உச்சம் தொட்டது. 2019இல் 25.5 கோடி. இடையில் பொருளாதார மந்தம் வந்தது. ரோட் ஐலண்டும் நியூயார்க்கும் பென்சில்வேனியாவும் தம் எல்லைக்குள் இயந்திரங்களை நிறுத்தின. மாசசூசெட்ஸ் 2011இல் சட்டம் இயற்றி, 2018 ஆகஸ்டில் ஸ்பிரிங்ஃபீல்டில், கனெக்டிகட் எல்லையிலிருந்து சில மைல் தொலைவில், எம்ஜிஎம் கேசினோவைத் திறந்தது. நம் வாக்கை நாம் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது நம் மக்கள் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்தில் பணத்தை விட்டுவிட்டு வருகிறார்களே என்பது அந்தக் கவலை. எம்ஜிஎம் 2017இல் பிரிட்ஜ்போர்ட் துறைமுகத்தில் 67.5 கோடி டாலரில் கேசினோ கட்டுகிறோம் என்று வந்தபோது அந்த ஊர் மக்களில் பலர் அதை வரவேற்றார்கள். ஆலைகள் மூடிய ஊர் அது. வேலை வரும் என்றால் எந்த ஊர்தான் வேண்டாம் என்னும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் வந்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டு கேசினோ முதல் ஆண்டில் 41.8 கோடி டாலர் ஈட்டும் என்று சொல்லப்பட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை. நியூயார்க்கின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. அங்கே 2013 நவம்பரில், வணிகக் கேசினோக்களை அனுமதிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. வேலை பெருகும், பள்ளிகளுக்கு நிதி கூடும், சொத்து வரி குறையும் என்ற வாக்குறுதிகளை வாக்குச்சீட்டின் வாசகத்திலேயே அச்சடித்திருந்தார்கள். திருத்தம் நிறைவேறியது. அதற்கு முந்தைய மாதங்களிலேயே ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ ஒனைடா, மோஹாக், செனகா ஆகிய மூன்று பூர்வகுடி அரசுகளோடும் தனித்தனியாகப் பேசி, அவரவர் வட்டாரத்துக்குள் வணிகக் கேசினோ வராது என்று எல்லை வகுத்துக் கொடுத்திருந்தார். செனகா மக்களின் எல்லை 14ஆம் எண் நெடுஞ்சாலை. அதற்கு மேற்கே அவர்கள் மட்டும்.

அந்தச் சாலைக்குக் கிழக்கே சில மைல் தள்ளி, டையர் என்ற சிற்றூரில், 2017 பிப்ரவரியில் டெல் லாகோ என்ற வணிகக் கேசினோ எழும்பியது. எல்லையின் எழுத்து காப்பாற்றப்பட்டது. ஆட வருகிறவர்களுக்கு எல்லை எங்கே தெரியும்? முதல் ஆண்டில் 26.3 கோடி டாலர் வரும் என்ற மதிப்பீட்டுக்கு எதிரே ஏறத்தாழ 14.7 கோடிதான் வந்தது. ஓர் ஆண்டு முடிவதற்குள்ளேயே நிறுவனம் மாநிலத்திடம் உதவி கேட்டுப் போய் நின்றது. ஆளுநர் மறுத்தார். ஆனாலும் சில ஆண்டுகளில், ஸ்லாட் வரியைக் குறைக்கக் கோரி வணிகக் கேசினோக்கள் விண்ணப்பிக்க மாநிலமே சட்டத்தில் வழி செய்தது.

என்னை மிகவும் உறுத்துவது இதுதான். உரிமம் கேட்கும் நாளில் நிறுவனம் மாநிலத்தின் வாசலில் நிற்கிறது. கட்டடம் எழுந்து ஆயிரம் பேர் வேலைக்குச் சேர்ந்த மறுநாள் நிலைமை தலைகீழ். வரியைக் குறைக்காவிட்டால் ஆட்குறைப்பு என்று அவர்கள் சொன்னால் எந்தச் சட்டமன்ற உறுப்பினரால் மறுக்க முடியும்? நெவாடாவில் 6.75 சதவீதமும் பென்சில்வேனியாவில் ஸ்லாட்டுக்கு ஐம்பதுக்கும் மேலான சதவீதமும் வரி இருப்பதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. அவற்றில் பேரம் பேசும் வலிமையும் ஒன்று.

செனகா மக்களின் கதை இங்கேயே முடியவில்லை. 2002ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பங்குத்தொகைக்கு எழுதப்பட்ட காலம் பதினான்கு ஆண்டுகள்தான், நீட்டிப்புக் காலத்துக்குப் பணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று 2017இல் அவர்கள் பணம் கொடுப்பதை நிறுத்தினார்கள். நடுவர் குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாநிலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 மார்ச்சில் மாநிலம் அவர்களுடைய வங்கிக் கணக்குகளை முடக்கிய பிறகு 56 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. ஆளுநர் கேத்தி ஹோக்கல் அதில் 41.8 கோடியை பஃபலோ பில்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து அரங்கத்துக்கு ஒதுக்கினார். ஒரு பூர்வகுடி அரசின் கணக்கை முடக்கி வாங்கிய பணம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாலும் வலித்திருக்கும். விளையாட்டு அரங்கத்துக்குப் போனது அவர்களுக்கு ஆறாத காயம்.

மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. தனியுரிமை பூர்வகுடிகள் எல்லோரையும் வாழவைத்துவிடவில்லை. கனெக்டிகட்டிலேயே கிழக்கு பீக்வாட் மக்களுக்கு 2002இலும் ஸ்கேட்டிகோக் மக்களுக்கு 2004இலும் கூட்டாட்சி அங்கீகாரம் கிடைத்தது. மூன்றாவது கேசினோ வந்துவிடும் என்ற அச்சத்தில் மாநில அரசியல்வாதிகள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். 2005இல் இரண்டு அங்கீகாரங்களும் பறிக்கப்பட்டன. கேசினோ என்ற ஒன்று இல்லாதிருந்தால் அவர்களுடைய வரலாற்றை இவ்வளவு பகையோடு யாரும் துருவியிருக்க மாட்டார்கள். ஃபாக்ஸ்வுட்ஸும் தவறு செய்யாமலில்லை. அளவுக்கு மீறிக் கட்டி, 2009இல் 200 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனைக் கட்ட முடியாமல் தடுமாறியது. அந்தக் கட்டுமானத்தில் 2008இல் திறந்த ஒரு கோபுரம் எம்ஜிஎம் பெயரையே தாங்கி நின்றது என்பதைப் பிற்காலச் சண்டையோடு சேர்த்துப் பார்த்தால் இந்தத் தொழில் எவ்வளவு பின்னிக்கிடக்கிறது என்று புரியும்.

பின்னல் மேலும் இறுகுகிறது. ஃபுளோரிடாவில் பிங்கோவில் தொடங்கிய செமினோல் மக்கள் 2007இல் உணவகங்களும் ஹோட்டல்களும் கேசினோக்களும் நடத்தும் ஹார்ட் ராக் நிறுவனத்தையே வாங்கினார்கள். அலபாமாவின் போர்ச் கிரீக் மக்களுக்குச் சொந்தமான நிறுவனம் 2019இல் பென்சில்வேனியாவின் பெத்லஹேமில் ஒரு கேசினோவை வாங்கியது. தம் நிலத்துக்கு வெளியே போனதும் அவர்களும் மாநில உரிமம் பெற்று வரி கட்டும் சாதாரண நிறுவனங்கள்தான். ஆகவே பூர்வகுடி என்ற பெயர்ப்பலகையை வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது. எந்த நிலத்தில், எந்த உடன்படிக்கையின் கீழ், மிஞ்சும் பணம் எந்தக் கருவூலத்துக்கு என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு ஆள் இருக்கிறார். அவருக்கு இந்த வேறுபாடுகள் எதுவும் உதவுவதில்லை. பெத்லஹேம் கேசினோ பழைய இரும்பாலை வளாகத்தில் 2009இல் திறந்தபோது, நியூயார்க்கின் ஃபிளஷிங் பகுதியிலிருந்து நாள் முழுவதும் பஸ்கள் புறப்பட்டன. ஏறியவர்களில் பெரும்பாலோர் வயதான சீனக் குடியேறிகள். டிக்கெட் விலை சில டாலர்கள். போய் இறங்கியதும் ஆடுவதற்கு 45 டாலர் மதிப்புள்ள கூப்பன் கையில் கொடுப்பார்கள். பலர் ஆடவில்லை. கூப்பனை அங்கேயே சற்றுக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, திரும்பும் பஸ் வரும்வரை சில மணி நேரம் நாற்காலியில் கால் நீட்டிக் கிடப்பார்கள். கிடைக்கும் லாபம் ஒரு நடைக்கு முப்பது டாலர் போல. தங்க இடமில்லாத சிலர் அந்தப் பஸ் இருக்கையையே படுக்கையாக்கிக்கொண்டார்கள் என்று செய்தியாளர்கள் எழுதினார்கள். 2011 மார்ச்சில் மொஹீகன் சன்னிலிருந்து மன்ஹாட்டனின் சைனாடவுன் நோக்கித் திரும்பிய ஒரு பஸ் பிராங்க்ஸ் நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. 15 பேர் இறந்தார்கள். ஒன்று வணிகக் கேசினோ, மற்றது பூர்வகுடிக் கேசினோ. பஸ்ஸில் இருந்த முகங்கள் ஒன்றேதான்.

இதனால்தான் கேசினோக்களின் எண்ணிக்கையைப் பற்றி நான் பிடிவாதமாக இருக்கிறேன். தனியுரிமை என்பது பூர்வகுடிக்குக் கொடுத்த வாக்கு. அதோடு, மாநிலம் தனக்கே போட்டுக்கொண்ட வேலியும் அதுதான். பூர்வகுடிக் கேசினோ அவர்கள் நிலத்தில் மட்டும் இருக்கும். ஃபாக்ஸ்வுட்ஸ் காட்டுக்குள் இருக்கிறது, போக வேண்டுமென்றே புறப்பட்டுத்தான் போக வேண்டும். வணிகக் கேசினோவுக்கு அந்தத் தடை கிடையாது. ஆள் எங்கே அதிகமோ அங்கே அது போகும். கனெக்டிகட் கடைசியில் பிரிட்ஜ்போர்ட்டுக்கு அனுமதி கொடுக்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போட்டியாக இரு பூர்வகுடிகளும் சேர்ந்து ஈஸ்ட் வின்ட்சரில் தம் நிலத்துக்கு வெளியே கட்ட நினைத்த கேசினோவும் 2021 உடன்பாட்டோடு நின்றுபோனது. அந்த உடன்பாட்டில் ஆளுநர் நெட் லமான்ட் இணையச் சூதாட்டத்தை அவர்கள் வழியாக அனுமதித்தார். இணையச் சூதாட்டத்துக்கு 18 சதவீதம், விளையாட்டுப் பந்தயத்துக்கு 13.75 சதவீதம் என்று பங்கு பேசி முடித்தார்கள். வாக்கு உடையவில்லை. ஆனால் கேசினோ இப்போது எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. காட்டுக்குள் இருந்த வேலியை அது தாண்டிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நியூயார்க் வேறு வழியில் போனது. மாநகரத்துக்குள் மூன்று உரிமங்கள், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 50 கோடி டாலர். 2025 டிசம்பரில் மூன்றையும் கொடுத்து முடித்தார்கள். ஒன்று கெந்திங் குழுமத்துக்கு, ஒன்று பிராங்க்ஸில் பாலிஸ் நிறுவனத்துக்கு. மூன்றாவது செமினோல் மக்களின் ஹார்ட் ராக் கூட்டாளியாக நிற்கும் திட்டத்துக்கு, குவீன்ஸின் பேஸ்பால் அரங்கத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து ஏழாம் எண் சுரங்க ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ஃபிளஷிங்.